வாசகர் கேள்வி – பதில்: பொதுச் சுகாதாரத்தில் பட்டப்பின் படிப்பு

நோய்த்தடுப்புத் துறையில் மேற்படிப்பு மேற்கொள்ள விரும்புவோர் தங்கள் ஐயங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய்: ஐயா, என் மகள் மருத்துவபீடத்தில் படித்து, உள்ளகப் பயிற்சியும் முடித்து, இப்போது ஒரு பிரதேச வைத்தியசாலையில் கடமையாற்றுகிறாள். பொது மருத்துவமோ சத்திரசிகிச்சையோ படிப்பாள் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க, அவள் சமுதாய மருத்துவம் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். “நோயாளியைத் தொட்டுப் பார்க்காத டொக்டர் என்ன டொக்டர்” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இத்துறையில் தொழில்நிலை எப்படி இருக்கும்?

அம்மா, உங்கள் உறவினர்களின் கேள்வி புதியதன்று. சமுதாய மருத்துவம் என்ற இந்த நோய்த்தடுப்புத் துறைக்குப் போன ஒவ்வொருவரின் வீட்டிலும் கேட்கப்பட்ட கேள்விதான். அதற்கு நான் உங்கள் வீட்டிலிருந்தே பதில் சொல்ல விரும்புகிறேன். போர் நடந்த தொண்ணூறுகளில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காக, இருதரப்பும் சுடாமல் இருக்க இணங்கிய நாள்கள் இந்நாட்டில் இருந்தன. இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றதை உங்கள் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கையில் கடைசியாகப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993ஆம் ஆண்டில். அதன் பின்னர் பிறந்த எந்தப் பிள்ளையும் அந்த நோயினால் கால் சூம்பிப்போகவில்லை. அந்தப் பிள்ளைகளில் எவருக்கும் தம்மைக் காத்த மருத்துவரின் பெயர் தெரியாது. ஏனென்றால் வராத நோய்க்கு நன்றி சொல்ல யாரும் போவதில்லை. உங்கள் மகள் தெரிந்தெடுத்திருப்பது அந்த வேலையை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அவர்களுள் பெருந்தொகையினர் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிகொல்லியையே குடித்தவர்கள். நஞ்சு குடித்து வந்தவரைக் காப்பாற்ற வைத்தியசாலைகளில் மருத்துவர்கள் இரவு பகலாகப் பாடுபட்டார்கள். ஆனால் அந்த வீதத்தை வீழ்த்தியதில் பெரும்பங்கு, மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் எவையென்று கணக்கெடுத்து, அவற்றை ஒவ்வொன்றாக இறக்குமதிப் பட்டியலிலிருந்து நீக்கிய நடவடிக்கைக்கே உரியது. 1984இல் தொடங்கி, 1995, 1998, 2008 என்று அந்தத் தடைகள் தொடர்ந்தன. இருபது ஆண்டுகளில் வீதம் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்துவிட்டது. ஒரு கணத்து ஆவேசத்தில் கையை நீட்டியவருக்கு அகப்பட்ட போத்தல் முன்னையதைப் போல உயிர்கொல்லியாக இல்லாததால் பிழைத்து, இன்று பேரப்பிள்ளைகளுடன் இருப்பவர்கள் நம் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அந்தத் தடைகளுக்காகக் கணக்கெடுத்தவர்கள் அவர்களில் எவரையும் தொட்டுப் பார்த்தவர்கள் அல்லர்.

பிரித்தானிய மருத்துவர் ஜெப்ரி றோஸ் 1980களில் ஒரு கருத்தை எடுத்துரைத்தார். பேராபத்தில் இருக்கும் சிலரைவிட, சிறிதளவு ஆபத்தில் இருக்கும் பலரிடமிருந்தே அதிக நோயாளிகள் உருவாகக்கூடும் என்பது அது. பிரசர் மிகக் கூடிய ஒருவரை நாம் எளிதில் அடையாளம் காண்கிறோம்; அவருக்கு மருந்தும் கொடுக்கிறோம். ஆனால் சற்றே கூடிய பிரசருடன், தமக்கு ஒன்றுமில்லை என்ற நினைப்பில் கடைத்தெருவில் நடமாடுபவர்கள் அவரைப் போல பல மடங்கினர். பாரிசவாதத்தால் படுக்கையில் விழுவோரில் கணிசமானோர் அவர்களிடையே இருந்துதான் வருகிறார்கள். எனவே முழு ஊரும் உண்ணும் உப்பைச் சிறிது குறைப்பது, சிலருக்கு மட்டும் வைத்தியம் செய்வதைவிட அதிக உயிரைக் காக்கலாம். மருத்துவபீடத்தில் பல ஆண்டுகள் ஒருவரை நோக்கியே பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடுவதில்லை. அதற்குத்தான் மேற்படிப்பு தேவைப்படுகிறது.

தொழில்நிலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். மருத்துவர்களுக்கான பாதை தெளிவானது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் சமுதாய மருத்துவத்தில் முதுவிஞ்ஞானமாணிப் பட்டத்தையும், அதற்கு மேல் எம்.டி. பட்டத்தையும் வழங்குகிறது. எம்.டி. முடித்து, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி பெற்றவர், சமுதாய மருத்துவத்தில் விசேட வைத்திய நிபுணராக அந்நிறுவகத்தினால் சான்றுபடுத்தப்படுகிறார். இருதய நிபுணருக்கும் சத்திரசிகிச்சை நிபுணருக்கும் உள்ள அதே நிபுணர் தரம் இது என்பதை உறவினர்களுக்குச் சொல்லுங்கள். வெளிநாடொன்றில் பொதுச் சுகாதார முதுமாணிப் பட்டம் பெற்று வந்தால் மட்டும் இந்தச் சான்று கிடைத்துவிடாது என்பதை மகளும் நினைவில் வைத்திருக்க வேண்டும். தனியார் சிகிச்சையால் வரும் மேலதிக வருமானம் இத்துறையில் குறைவு. அதை மறைத்து எழுதுவது உங்களுக்கு நான் செய்யும் நேர்மைக்கேடாகும்.

கோண்டாவிலிலிருந்து ஒரு தாதிய உத்தியோகத்தர்: நான் தாதியத்தில் நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவள். ஒரே நோயாளர்கள் ஒரே வருத்தத்துடன் திரும்பத் திரும்ப விடுதிக்கு வருவதைப் பார்த்து மனம் சோர்ந்துவிட்டது. மருத்துவர் அல்லாத எனக்குப் பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புக்கு இடமுண்டா? எங்கே, எப்படித் தொடங்குவது?

அன்புள்ள சகோதரி, உங்களைச் சோர்வடையச் செய்த அந்தக் காட்சியே இப்படிப்புக்கு வேண்டிய முதல் தகைமை. சலரோகத்தால் கால்விரல் எடுக்கப்பட்டவர் ஆறு மாதத்தின் பின் பாதம் எடுக்கப்பட வருகிறார் என்றால், விடுதியில் நீங்கள் செய்யும் மருந்துகட்டலில் குறையில்லை. விடுதிக்கு வெளியே எங்கோ ஒரு கதவு திறந்தே கிடக்கிறது. அந்தக் கதவைத் தேடிப் போவதுதான் இத்துறை.

உலகின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பொதுச் சுகாதார முதுமாணிப் பட்டம் மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று. தாதியர், பல்மருத்துவர், மருந்தாளர், ஆய்வுகூட விஞ்ஞானிகள், கால்நடை மருத்துவர், சமூகவியல் படித்தவர்கள், புள்ளிவிபரம் படித்தவர்கள் என்று பலரும் ஒரே வகுப்பில் இருந்து படிக்கிறார்கள். படிப்பின் முதுகெலும்பு ஐந்து பாடங்கள்: நோய்ப்பரம்பலியல் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று கணக்கிட்டு ஆராய்வது), உயிர்ப்புள்ளிவிபரவியல், சுற்றாடற் சுகாதாரம், சுகாதாரக் கொள்கையும் முகாமைத்துவமும், சமூக நடத்தை விஞ்ஞானம். இவற்றுக்கு மேல் களப்பயிற்சியும் ஆய்வேடும் உண்டு. தாதியராகப் பணியாற்றிய ஒருவர் முதல் இரண்டு பாடங்களில் திணறுவார், ஐந்தாவதில் வகுப்பையே வழிநடத்துவார். என்னிடம் படித்தவர்களில் நான் கண்டது இது.

அருகிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில், திருவனந்தபுரத்தில் உள்ள சிறீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் இப்பட்டத்தை வழங்கி வருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இப்படிப்பு உண்டு. வேலூரில் களப்பயிற்சியின்போது மக்களுடன் தமிழில் பேசலாம் என்பது நமக்கு வாய்ப்பானது. வங்காளதேசத்தின் டாக்காவில் உள்ள பிராக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பி. கிராண்ட் பொதுச் சுகாதாரக் கல்லூரி, வகுப்பறையைவிடக் கிராமத்தையும் சேரிக் குடியிருப்பையும் பெரிதாக மதிக்கும் இடம். இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி 1899இல் தோன்றியது. அதன் முதுமாணிப் படிப்புகள் சிலவற்றை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே தொலைக்கல்வியாகவும் படிக்கலாம்.

பணம் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். இந்தியக் கலாசார உறவுகள் பேரவை இலங்கை மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்குகிறது. பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் ஓராண்டு முதுமாணிப் படிப்பின் முழுச் செலவையும் ஏற்கிறது. அதற்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்தபின் தாய்நாட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்தாக வேண்டும். விடுதிக் கடமையில் நீங்கள் கழித்த ஆண்டுகள் இந்த மணித்தியாலக் கணக்கில் சேரும். விண்ணப்பக் கட்டுரையில் “மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்” என்று தொடங்காதீர்கள். ஆயிரம் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். கால் இழந்து திரும்பி வந்த அந்த நோயாளியைப் பற்றி, அவருடைய அடையாளம் வெளிப்படாமல், நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் பகுதிச் சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனைக்குப் போய், அனுமதி பெற்று, விடுமுறை நாள்களில் குடும்பநல உத்தியோகத்தருடனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடனும் ஒழுங்கைகளில் நடவுங்கள். இந்த முறைமை 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதார அலகிலிருந்து வளர்ந்தது, ஆசியாவிலேயே முன்னோடியானது. வைத்தியசாலையில் ஒரு மருத்துவர் 544ஆம் இலக்கப் படிவத்தில் டெங்கு என்று எழுதி அனுப்புகிறார். அந்தத் தாள் பணிமனைக்கு வருகிறது. பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்குப் போய் வளவைப் பார்க்கிறார். வாரமுடிவில் அந்த எண்ணிக்கை கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குச் சென்று, நாடு முழுவதற்குமான வாராந்த அறிக்கையில் ஒரு இலக்கமாகிறது. வெளிநாட்டு வகுப்பறையில் ‘நோய்க் கண்காணிப்பு’ என்று பல வாரம் படிப்பிப்பதன் உயிர்நாடி இந்த ஒரு தாளின் பயணத்தில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறவருக்கும் பாராமல் போகிறவருக்கும் இடையே உள்ள வேறுபாடு முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

தாதிய டிப்ளோமா மட்டும் பெற்ற உங்கள் சகபாடிகள் முதலில் பட்டம் ஒன்றைப் பெற வேண்டியிருக்கும். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியப் பட்டப்படிப்பு அவர்களுக்கு ஏற்றது.

நெல்லியடியிலிருந்து ஒரு புவியியற் பட்டதாரி: எனக்கு நோய்த்தடுப்பு ஆய்வில் மிகுந்த ஆர்வம். ஆனால் சாதாரண தரத்துக்குப் பின் கணிதத்தைத் தொடவில்லை. புள்ளிவிபரம் என்றாலே பயமாக இருக்கிறது. கலைப்பீடத்தில் படித்தவர் நோய்ப்பரம்பலியல் படிக்க முடியுமா?

தம்பி, முடியும். பயத்தைப் போக்க ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். இது நான் அமைத்த கற்பனைக் கணக்கு.

ஒரு கலியாண வீட்டில் 150 பேர் சாப்பிட்டார்கள். அன்றிரவு 42 பேருக்கு வயிற்றோட்டம். எந்த உணவில் பிழை? பரிசோதகர் நோயாளரை மட்டும் கேட்டால், 42 பேரில் 29 பேர் பாயாசம் குடித்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்! ஊர் உடனே பாயாசத்தின் மீது பழியைப் போட்டுவிடும். சமையற்காரரின் பெயரும் கெடும். இப்போது நலமாக இருப்பவர்களையும் கேளுங்கள். பாயாசம் குடித்தவர்கள் மொத்தம் 100 பேர். அவர்களில் 29 பேருக்கு வருத்தம், அதாவது நூற்றுக்கு 29. குடிக்காதவர்கள் 50 பேர். அவர்களில் 13 பேருக்கு வருத்தம், அதாவது நூற்றுக்கு 26. பெரிய வேறுபாடு இல்லை. அடுத்ததாகக் கத்தரிக்காய்ப் பால்கறியைப் பாருங்கள். சாப்பிட்டவர்கள் 90 பேர். அவர்களில் 36 பேருக்கு வருத்தம், நூற்றுக்கு 40. சாப்பிடாதவர்கள் 60 பேர். 6 பேருக்கு வருத்தம், நூற்றுக்கு 10. நாற்பதைப் பத்தால் பிரித்தால் நான்கு. பால்கறி சாப்பிட்டவருக்கு நோய் வரும் வாய்ப்பு, சாப்பிடாதவரைவிட நான்கு மடங்கு. பாயாசம் ஏன் முதலில் குற்றவாளியாகத் தெரிந்தது? நோயாளியானாலும் ஆகாவிட்டாலும், கலியாண வீட்டில் பெரும்பாலானோர் பாயாசம் குடிப்பார்கள் என்பதால்தான்.

சார்பு ஆபத்து என்று நூல்கள் சொல்வது இந்த நான்கைத்தான். இதில் கூட்டலும் வகுத்தலும் தவிர வேறு கணிதம் இல்லை. இருக்கும் பாடம் கணிதத்தைவிடக் கடினமானது. நோயாளரை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதே, நலமாக இருப்பவரையும் கேள் என்பதே அது. இந்த ஒழுக்கத்தை மனத்தில் பதித்துக்கொண்டவர், பின்னர் வரும் சிக்கலான கணிப்புகளைக் கணினியிடம் விட்டுவிடலாம். ‘ஆர்’ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. படிக்கப் போவதற்கு முந்திய ஆறு மாதங்களில், நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் அதில் பழகினால், வகுப்பில் மருத்துவர்களுக்கு நீங்கள் உதவுவீர்கள்.

மேலும், புவியியல் படித்தவர் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களையும், அவற்றின் கீழே கிடக்கும் சுண்ணாம்புக்கல்லையும் நினைத்துப் பாருங்கள். மேலே போடும் உரமும் குழி மலகூடத்தின் கசிவும் அந்தக் கல்லின் வெடிப்புகளினூடாகக் கிணற்று நீரைச் சென்று சேர்கின்றன. குடிநீரில் நைத்திரேற்றின் அளவு இலீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்; எங்கள் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மிஞ்சியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கக்கூடும். எந்தக் கிணறு, எந்த மண், எந்தப் பயிர், எந்தப் பருவம் என்று கேட்கத் தெரிந்தவர் ஒரு புவியியலாளர். மருத்துவருக்கு அந்தக் கேள்விகள் இயல்பாக எழுவதில்லை.

வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: இணையவழியில் ஓராண்டில் முதுமாணிப் பட்டம் தருவதாகப் பல விளம்பரங்கள் வருகின்றன. நம்பலாமா?

பணம் கட்டுமுன் மூன்றைப் பாருங்கள். பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் ஏற்கப்பட்டதா? இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அந்தப் பட்டம் எந்த மட்டத்தில் அமைகிறது? ஒன்பதாம் மட்டம் என்பது பாடநெறி வழியான முதுமாணி, குறைந்தது 30 திறமைப் புள்ளிகள்; பத்தாம் மட்டத்தில் ஆய்வேடும் சேர்ந்து 60. ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்று கணக்கிட்டால், 30 புள்ளிகளுக்கு 1,500 மணித்தியாலம். சனி ஞாயிறுகளில் சில மணிநேரக் காணொளியைப் பார்த்து அத்தனை மணித்தியாலம் சேருமா என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மூன்றாவதாக, ஆய்வேடோ களப்பயிற்சியோ இல்லாத பட்டத்தைப் பிற்காலத்தில் கலாநிதிப் படிப்புக்கு ஏற்காமல் விடக்கூடும். தொலைக்கல்வி தன்னளவில் குறைந்ததன்று. மேலே சொன்ன இலண்டன் கல்லூரியின் தொலைக்கல்விப் பட்டத்தைப் பெறப் பலருக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கின்றன.

ஊர்காவற்றுறையிலிருந்து, ஏற்கனவே முதுமாணிப் படிப்பில் சேர்ந்திருக்கும் ஒருவர்: ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறேன். வெளிநாட்டு மேற்பார்வையாளர் ‘உங்கள் ஊரிலிருந்து ஒன்றைக் கொண்டு வாருங்கள்’ என்கிறார். எங்கள் தீவகத்தில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது?

உங்கள் மேற்பார்வையாளர் நல்லவர். தீவகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்று உலகம் முழுவதும் எழுதிவைத்திருந்த காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் நம் கரையோரங்களில் தேடி, கைவிடப்பட்ட கிணறுகளிலும் எறியப்பட்ட பாத்திரங்களிலும் தேங்கிய உவர்நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதைக் கண்டார்கள். அது 2011இல் வெளிவந்தது. கிணற்றுத் தண்ணீர் சவராக இருப்பதைப் பற்றி நாம் தலைமுறை தலைமுறையாகக் குறைபட்டிருக்கிறோம். அந்தச் சவர் நீரைப் பார்க்க வேண்டியபடி பார்த்தவர்கள் நோய்த்தடுப்பு அறிவுக்கே புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். கடல் மட்டம் உயர உயர, உவர்நீர் தேங்கும் இடங்களும் பெருகும். உங்கள் ஊரில் அப்படிப்பட்ட கிணறுகள் எத்தனை, அவற்றில் எத்தனை வீடு திரும்பாதவர்களின் வளவுகளில் இருக்கின்றன, யார் அவற்றை மூடப் பொறுப்பானவர்? இந்த மூன்றாவது கேள்வி மட்டுமே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

மலேரியாவின் கதையையும் மறக்கலாகாது. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 நோயாளரே இருந்தனர். வெற்றி கிடைத்துவிட்டதென்று கண்காணிப்புத் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தார்கள். மீண்டும் பெரும்பாடுபட்டு, உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012இல் பதிவாக, 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ‘அனோபிலிசு இசுரெபென்சி’ நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகுவது. நுளம்பு வந்துவிட்டது, ஒட்டுண்ணி மட்டும் இன்னும் திரும்பி நிலைகொள்ளவில்லை. இந்த இடைவெளியில் காய்ச்சலுடன் வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் எத்தனை நாள் கழித்து இரத்தப் பரிசோதனைக்கு வருகிறார்கள் என்று ஆராய்வதும் பயனுள்ள தலைப்பு.

வயலும் தோட்டமும் சார்ந்ததாக வேண்டுமென்றால் எலிக்காய்ச்சல் இருக்கிறது. 2024 டிசெம்பரில், வெள்ளத்தின் பின்னர் வடமராட்சியில் காய்ச்சலால் பலர் இறந்தபோது, அது என்ன நோய் என்று தெரியாமல் சில நாள்கள் ஊரே அஞ்சியது. நோய் இன்னதென்று அறியப்பட்ட பின், சேற்றில் இறங்குவோருக்குத் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் கொடுக்கப்பட்டது. மருந்தை வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையில் விழுங்கினார்கள், விழுங்காதவர்கள் ஏன் விழுங்கவில்லை? வீட்டு அலுமாரியில் கிடக்கும் குளிசை யாரையும் காப்பதில்லை.

எந்தத் தலைப்பை எடுத்தாலும், முதல் வீட்டின் படலையைத் தட்டுமுன் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதியைப் பெற்றுவிடுங்கள். யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் அதற்கான குழு உண்டு. அனுமதி பெறாமல் சேகரித்த தரவை எவ்வளவு நன்றாக ஆராய்ந்தாலும் பயன்படுத்த முடியாது. அத்துடன், எங்கள் சனம் போருக்குப் பின் எத்தனையோ கணக்கெடுப்புகளுக்கும் படிவங்களுக்கும் பதில் சொல்லிக் களைத்தவர்கள். அவர்களிடம் மேலும் ஒரு படிவத்தோடு போகிறவர், என்ன கண்டுபிடித்தேன் என்று சொல்லத் திரும்பி வருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். வந்தும் சொல்ல வேண்டும்.

மானிப்பாயிலிருந்து ஒரு ஆசிரியை: இந்தப் படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. படித்துவிட்டு வருபவர்கள் பேசுவதும் எங்களுக்கு விளங்குவதில்லை. தமிழில் இத்துறைக்குச் சொற்களாவது உண்டா?

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தமே. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், பிற்காலத்தில் பாடங்களைத் தமிழிலேயே நடத்தினார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் தம் மக்களிடையே இருப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

சொற்கள் உண்டு, சகோதரி. சில திருத்தப்பட வேண்டியவை. ‘தொற்றுநோயியல்’ என்ற சொல்லையே எடுங்கள். அந்தத் துறை தொற்றாத சலரோகத்தையும் புற்றுநோயையும் வீதி விபத்தையும் கூடக் கணக்கிடுகிறது. இலங்கையில் ஐந்து மரணங்களில் நான்கு தொற்றா நோய்களால் நிகழும்போது இந்தப் பெயர் வாசகரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. அதனால்தான் நான் ‘நோய்ப்பரம்பலியல்’ என்று எழுதுகிறேன். இன்னொருபுறம், எந்த அகராதிக் குழுவும் ஆக்காத சொற்கள் மக்களிடம் இருக்கின்றன. நெருப்புக்காய்ச்சல் என்றால் யாழ்ப்பாணத்தில் எந்தப் பாட்டிக்கும் விளங்கும்; ‘தைபொயிட்டு’ என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டால் பாதிப்பேருக்கு விளங்காது. ‘கோதாரி’ என்று இன்று நாம் வாய்தவறித் திட்டும் சொல், ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போன வாந்திபேதியின் பெயர். பட்டம் படித்து வருகிறவர் நோயைப் பற்றி மக்களிடம் பேச வேண்டுமானால், இந்தச் சொற்களை ஒழுங்கைகளில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் மாணவர்களிடம், அவரவர் வீட்டு முதியோர் வருத்தங்களுக்கு வழங்கும் பெயர்களைச் சேகரித்து வரச் சொல்லுங்கள். சேர்ந்த பட்டியலை இந்த இதழுக்கு அனுப்பினால், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே மருத்துவப் பெயரை எழுதி வெளியிடுகிறேன்.